பழைய ஏடிவி, டர்ட் பைக், ஜெட் ஸ்கி: வாங்கி, சரிசெய்து, விற்கும் கடை போட்ட அனுபவம்

கார் பட்டறைக்காரர் தொடவே மாட்டார், பைக் பட்டறைக்காரர் அரைமனதோடு தொடுவார், அப்படிப்பட்ட வண்டிகள் சில உண்டு. கரடுமுரடான நிலத்தில் ஓடும் நாலு சக்கர ஏடிவி, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகும் சைடு பை சைடு, மண்பாதையில் ஓட்டும் டர்ட் பைக், தண்ணீரில் ஓடும் ஜெட் ஸ்கி, பனி விழும் இடமென்றால் ஸ்னோமொபைல். எல்லாவற்றையும் சேர்த்துப் பவர்ஸ்போர்ட்ஸ் என்பார்கள். இவற்றில் பழையதை வாங்கி விற்கவும் ரிப்பேர் பார்க்கவும் கடை போட்டு நடத்திக்கொண்டிருக்கிறேன். இதே யோசனையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, ஆரம்பத்தில் எத்தனை வண்டி வாங்கி நிறுத்த வேண்டும் என்பதுதான். என்னைக் கேட்டால் ஒன்றுகூட வேண்டாம். முதலில் பட்டறையைத் திறங்கள், விற்பனை அப்புறம் வரட்டும்.

காரணம் காகித வேலையில் தொடங்குகிறது. பழைய வண்டியைத் தொழிலாக வாங்கி விற்பதற்குப் பல நாடுகளில் டீலர் லைசென்ஸ் வேண்டும். அதற்கு நிலையான முகவரி, பெயர்ப்பலகை, சில இடங்களில் உத்தரவாதப் பத்திரம், நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகும் அதிகாரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ரிப்பேருக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் இவ்வளவு இழுத்தடிப்பு இருக்காது. லைசென்ஸ் வரும்வரை வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் கையிலிருக்கும் முதல் கரைந்துவிடும், பட்டறை ஓடினால் வாடகையை அது பார்த்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய லாபம், அந்த மாதங்களில் அடுத்தவர் காசில் எந்த வண்டி எங்கே உடையும் என்று கற்றுக்கொள்கிறோம். எந்த மாடலை வாங்கக்கூடாது என்பது விலைப் பட்டியலில் இருக்காது, ரிப்பேர் மேஜையில்தான் தெரியும்.

இடம் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது கடை முகப்பு இல்லை. கதவு அகலம், தரை, சத்தம், டிரெய்லர் திரும்பும் இடம், இந்த நாலும்தான். சைடு பை சைடு சாதாரண பைக் கதவில் நுழையாது. டிரெய்லரோடு ஜெட் ஸ்கியைக் கொண்டுவருகிறவர் பின்னால் எடுக்கத் தெரியாதவராக இருப்பார், அதற்கும் சேர்த்து இடம் வேண்டும். சைலன்சர் இல்லாத டூ ஸ்ட்ரோக்கை ஒருமுறை முறுக்கினாலே பக்கத்துக் கட்டிடத்தில் புகார் தயார். அந்த இடத்தில் வண்டி ரிப்பேர் தொழிலுக்கு அனுமதி உண்டா, பழைய ஆயிலையும் பெட்ரோலையும் எப்படி வைக்கச் சொல்கிறார்கள், தரையைக் கழுவும் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் உள்ளூர் நிர்வாகத்தில் கேட்டுவிட்டுத்தான் வாடகை ஒப்பந்தத்தைத் தொட்டேன். ஒப்பந்தத்திலும், அனுமதி கிடைக்காவிட்டால் இது செல்லாது, அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கட்டிடக்காரர் முகம் சுளித்தார், ஆனாலும் சேர்த்தார்.

இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டிடத்துக்கும் சரக்குக்கும் எடுக்கும் பாலிசி, நம்மிடம் ரிப்பேருக்கு விட்டிருக்கும் வாடிக்கையாளர் வண்டிக்குப் பொதுவாகப் பொருந்தாது. அதற்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. ஓட்டிப் பார்க்கும்போது விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதும் தனி. இரண்டையும் வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கருவிகளுக்கு வருவோம். லிஃப்ட், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது சின்னச் சின்ன சாமான்கள். ஜப்பான் வண்டிகளின் கார்பரேட்டர் ஸ்க்ரூ பார்ப்பதற்குச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனால் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரம். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு அழுத்தித் திருப்பினால் வழுக்கித் தலை மொட்டையாகிவிடும். எங்களிடம் வரும் கார்பரேட்டர்களில் ஏற்கெனவே மொட்டையான ஸ்க்ரூ ஒன்றாவது இருந்தால், யாரோ வீட்டில் முயன்றிருக்கிறார்கள் என்று அர்த்தம், உள்ளே இன்னும் என்னவெல்லாம் செய்திருப்பார்களோ என்று சேர்த்தே பில் போடுவேன். ஃப்ளைவீலைக் கழற்றும் புல்லர், சைடு பை சைடின் கிளட்சைக் கழற்றும் புல்லர், ஒலி அலையால் பாகங்களைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசானிக் கிளீனர், இவை இல்லாமல் முதல் மாதமே தவிப்பீர்கள். குறை கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் சாதனம் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. சீ-டூ, ஸ்கி-டூ, கேன்-ஆம் மூன்றுக்கும் பட்ஸ் என்ற மென்பொருள். அவற்றின் புரோகிராம் செய்த சாவி தொலைந்திருந்தால் புதுச் சாவி பதிய அது கைகொடுக்கும். எல்லாக் கம்பெனிக்கும் ஆரம்பத்திலேயே வாங்க வேண்டியதில்லை, எந்த வண்டி அதிகம் வருகிறதோ அதற்கு வாங்கினால் போதும்.

சரி, வண்டி வாங்கும் கட்டத்துக்கு வருகிறேன். கடையின் லாபமும் நஷ்டமும் இங்கேதான் தீர்மானமாகிறது.

விற்க வருகிறவர்கள் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "போன வருஷம்வரை சூப்பரா ஓடுச்சு, கார்பரேட்டர் சுத்தம் பண்ணினா போதும்." சில நேரம் உண்மையாகவே அவ்வளவுதான். பெட்ரோலை மாதக்கணக்கில் தொட்டியில் விட்டால் கெட்டு, கார்பரேட்டரில் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட் என்ற சின்ன ஓட்டை அடைத்துக்கொள்ளும். அந்த ஓட்டை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி தெரிய வேண்டும், தெரியாவிட்டால் வண்டி சோக் போட்டால் மட்டும் ஓடும். கிதார் கம்பியின் மெல்லிய இழையை விட்டு எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் அவர் சொல்வதை நம்பி விலை பேசினால் கடையை மூட வேண்டியதுதான். ஓடாத வண்டிக்கு, இன்ஜின் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு விலை சொல்வேன். ஒத்துக்கொண்டால் வாங்குவது, இல்லையென்றால் டீ குடித்துவிட்டுப் போகட்டும்.

ஓடும் வண்டியென்றால், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். போனதும் முதல் வேலை இன்ஜினைக் கையால் தொடுவது. சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகாததை மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் கார்பரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பார்ப்பேன். விரலில் மண் ஒட்டினால் அந்த மண் சிலிண்டருக்குள்ளும் போயிருக்கிறது, பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் எந்த நிலையில் இருக்கும் என்று அப்புறம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டிருந்தாலும் இந்த இடத்தைத் துடைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் எல்லோரிடமும் இருக்கிறது, ஆனால் ஏடிவிகளில் அதை அப்படியே நம்ப முடியாது. நிறைய ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களில் ஸ்டார்ட் செய்வது எளிதாக இருக்கட்டும் என்று வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் டீகம்ப்ரஷன் அமைப்பு வைத்திருப்பார்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் திறந்து பிடிப்பதால், நல்ல இன்ஜினும் கேஜில் செத்த இன்ஜின் மாதிரி காட்டும். அதனால் லீக் டவுன் டெஸ்ட்தான் என் கணக்கு. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை மேலே நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகக் காற்று ஏற்ற வேண்டும். எவ்வளவு கசிகிறது என்பதை மீட்டர் சொல்லும், எங்கே கசிகிறது என்பதைக் காது சொல்லும். கார்பரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். கசிவு 10 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதியாக வாங்குவேன். 20ஐத் தாண்டினால் இன்ஜின் வேலைக்கான செலவைக் கழித்துவிட்டுத்தான் பேச்சே. வாங்க வந்தவர் காற்றுக் குழாயோடு குனிந்து காதைக் கொடுத்துக் கேட்பதைப் பார்த்ததுமே விலையைக் குறைத்தவர்களும் உண்டு.

டர்ட் பைக்கில் இன்னொரு பிரிவினை. 1998இல் யமஹாவின் ஒய்இசட்400எஃப் என்ற ஃபோர் ஸ்ட்ரோக் பைக் வந்த பிறகு, மண்தடத்தில் நடக்கும் மோட்டோகிராஸ் பந்தயம் மெல்ல ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் சாய்ந்தது. அந்த வகைப் பந்தய பைக்குகள் பழையதாகும்போது அருமையான வண்டியாகவும் இருக்கும், வெடிகுண்டாகவும் இருக்கும். பலவற்றில் டைட்டானியம் வால்வு. வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையக் குறைய ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்றிச் சமாளித்திருப்பார்கள், வால்வு முகம் தேய்ந்த பின் அந்த வித்தையெல்லாம் பலிக்காது, ஹெட்டைப் பிரித்தாக வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன், ரிங் மாற்றுவது ஒரு மாலை வேலை. புதிதாகக் கடை போடுகிறவர் முதல் சரக்காக டூ ஸ்ட்ரோக் வாங்குவது நல்லது என்பேன், பந்தயக்கார வாடிக்கையாளர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

ஜெட் ஸ்கி தனி உலகம். கடல் தண்ணீரில் ஓடியதா, ஏரியில் ஓடியதா என்பதே முதல் கேள்வி, வாய் எதைச் சொன்னாலும் போல்ட் தலைகள் உண்மையைச் சொல்லிவிடும். இன்ஜினுக்குள் வெளித்தண்ணீரையே ஓட்டிக் குளிர்விக்கும் வகைகளில், கரையில் வைத்துத் தண்ணீர்க் குழாய் மாட்டி ஓட்டும்போது வரிசை முக்கியம்: முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய், பிறகு தண்ணீரைத் திற; நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூடு, பிறகு இன்ஜினை நிறுத்து. மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறிவிடும். வேலைக்குச் சேரும் பையன்களுக்கு இதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

காகிதம் சரியில்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். சாலையில் ஓடாத வண்டி என்பதால் பல இடங்களில் இவற்றுக்குப் பதிவே இருக்காது, கையெழுத்துப் போட்ட விற்பனைச் சீட்டு மட்டும் கைமாறிக்கொண்டே வந்திருக்கும். அதனால் சேசிஸ் நம்பர்தான் நமக்கு ஆதாரம். பெரும்பாலான வண்டிகளில் அது 17 எழுத்து, அதில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது, வந்திருந்தால் யாரோ அடித்தது. வட அமெரிக்கச் சந்தைக்குச் செய்த வண்டிகளில் 10ஆவது எழுத்து மாடல் ஆண்டைக் காட்டும், 2010க்கு ஏ, 2011க்கு பி என்று போகும். 2018 மாடல் என்று விற்க வந்தவரின் வண்டியில் அந்த இடத்தில் சி இருந்தால், அது 2012. நம்பர் இருக்கும் இடத்தைச் சுற்றிப் புதுப் பெயின்ட் இருந்தால் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடுவேன். திருட்டுப் புகார், கடன் பாக்கி இரண்டையும் சரிபார்த்து, விற்பவரின் அடையாள அட்டை நகலை வாங்கி, நம்பரைச் சீட்டில் முழுமையாக எழுதிக் கையெழுத்து வாங்குவது ஒவ்வொரு முறையும் நடக்கும், நண்பனாக இருந்தாலும்.

விலைக் கணக்கில் ஒரே ஒரு விஷயம். நம்முடைய உழைப்பை இலவசமாகப் போட்டால் எல்லா வண்டியும் லாபம் மாதிரிதான் தெரியும். வாடிக்கையாளரிடம் வாங்கும் அதே மணிக்கூலியை நம் வண்டிக்கும் எழுதுகிறேன். அப்படி எழுதிப் பார்த்தால், பிராண்ட் தெரியாத மலிவு ஏடிவிகளை வாங்கவே தோன்றாது: எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்று தேடுகிற நேரமே வண்டி விலையைத் தாண்டிவிடும். மூன்று சக்கர ஏடிசிகளும் வரும். 1970இல் ஹோண்டா தொடங்கி வைத்த வகை அது, கவிழும் ஆபத்தால் அமெரிக்காவில் அரசோடு கம்பெனிகள் செய்த 1988 உடன்பாட்டோடு புதிதாக விற்பது நின்றுபோனது. ஆசையோடு வைத்திருப்பவர்களுக்கு ரிப்பேர் செய்து கொடுப்பேன், விற்பனைக்கு நிறுத்துவதில்லை. 16 வயதுக்குக் கீழ் ஓட்டக்கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெரிய ஏடிவியைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கேட்டு வரும் அப்பாக்களுக்கும் விற்பதில்லை, வளர்ந்துவிடுவான் என்ற வாதம் என்னிடம் எடுபடாது.

பட்டறையில் விதிகள் எழுதி மாட்டியிருக்கின்றன. பார்த்துச் சொல்வதற்கே கட்டணம் உண்டு, ரிப்பேர் செய்தால் அது பில்லில் கழியும். எழுத்தில் ஒப்புதல் வராமல் ஒரு போல்ட்டும் கழற்றுவதில்லை. முடிந்த வண்டியைக் குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் நிறுத்தும் வாடகை ஏறும். வீடியோ பார்த்துப் பிரித்து, பாகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறவர்களுக்குத் தனிக் கூலி, ஏனென்றால் பெட்டியில் என்ன இல்லை என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். பில்லைப் பார்த்து, "நீங்களே எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். லைசென்ஸ் கைக்கு வந்தபோது எனக்கு முதல் சரக்கு இப்படித்தான் சேர்ந்தது. எழுதி வாங்கி, உள்ளூர்ச் சட்டப்படி பெயர் மாற்றி எடுத்த வண்டிகள். குறை என்னவென்று ஏற்கெனவே பார்த்து முடித்திருந்ததால் வாங்கிய பின் அதிர்ச்சி எதுவும் இல்லை.

சீசன் முடிந்ததும் விற்பனை படுத்துவிடும். அப்போது வாங்குவதற்கு நல்ல நேரம், சேமித்து வைக்கும் சர்வீஸுக்கும் நல்ல நேரம்: பெட்ரோல் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் கலந்து ஓட்டி, கார்பரேட்டரைக் காலி செய்து, பேட்டரியைக் கழற்றி மெல்ல சார்ஜில் போட்டு, எலி நுழையாமல் ஏர் பாக்ஸை அடைத்து நிறுத்துவது. இதையும் சீசன் தொடங்கும் முன் வரும் செக்கப்பையும் சேர்த்து முன்பதிவாக வாங்கிக்கொள்கிறேன், அந்தப் பணத்தில்தான் மந்தமான மாதங்களில் பையன்களுக்குச் சம்பளம் போகிறது.

விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு வண்டியின் ஹேண்டில்பாரிலும் அட்டை தொங்கும். லீக் டவுன் எண், மாற்றிய பாகங்கள், மாற்றாமல் விட்ட குறைகள், எல்லாம் அதில் இருக்கும். வாங்குகிறவர் அந்தக் குறைகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி.