எட்டுக் குடம்: சென்னை வில்லிவாக்கம், 2019 கோடை

ஜூன் 4, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டேன். இரண்டு நிமிடம் இருமிவிட்டு வெறும் காற்றை இழுக்க ஆரம்பித்தது. "நிறுத்துப்பா, காயில் போயிடும்" என்று கீழ்வீட்டு அக்கா கத்தினார். நிறுத்தினேன். 180 அடி போர். உப்புத் தண்ணீர்தான் என்றாலும் குளிக்க, துவைக்க ஆனது. இனி அதுவும் இல்லை.

சாயங்காலம் நாலு வீடும் மொட்டை மாடியில் கூடிப் பேசினோம். வாரம் ஒரு தனியார் லாரி வாங்கி, தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் விடுவது, வீட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்து பக்கெட், காசு சமபங்கு. குடிக்க கேன். சமையல், பாத்திரம், என் மாவு வியாபாரம் எல்லாவற்றுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் தெருவுக்கு வரும் லாரி. அதில் வீட்டுக்கு எட்டுக் குடம்.

எட்டுக் குடம் என்றால் 120 லிட்டர், இரண்டு நாளைக்கு. மாவுக்கு மட்டுமே தினம் மூன்று குடம் போகிறது. மீதிக் கணக்கை எழுத மனசில்லை.

ஜூன் 7, வெள்ளி

தினமும் நாலு கிலோ அரிசி, ஒரு கிலோ உளுந்து. பத்துப் பதினோரு கிலோ மாவு வரும். கிலோ 45 ரூபாய். மகளுடைய டியூஷன் பீஸும் கேஸ் சிலிண்டரும் இதில்தான் ஓடுகின்றன. தண்ணீர் நிலைமை சரியாகும்வரை நிறுத்திவிடலாமா என்று இவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு கிடப்பதைப் பேப்பரில் படமாகப் போட்டிருந்தார்கள். நகரத்துக்கு நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த இடத்தில் இப்போது 52.5 கோடிதானாம். இதே செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள் என்று 2015 டிசம்பரில் ஊரே கிடுகிடுத்தது. அப்போது எங்கள் கீழ்வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அக்காவின் பீரோவை நாலு பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கினோம். இப்போது குடத்தைத் தூக்குகிறோம்.

ஜூன் 9, ஞாயிறு

ராமேஸ்வரம் ரயிலில் அத்தை வந்து இறங்கினார். முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று மார்ச்சிலேயே போட்ட திட்டம். "இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்களேன்" என்று போன வாரம் நான் இவரிடம் சொன்னது உண்மை. இங்கே பொய் எழுதி என்ன ஆகப் போகிறது. ஒரு ஆள் கூடினால் எத்தனை சொம்பு கூடும் என்றுதான் அப்போது மனசு ஓடியது.

அத்தைக்கு ஊர் முதுகுளத்தூர் பக்கம். வேலையில் தப்புச் செய்தவர்களைத் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தவர், வரிசையாக நின்ற குடங்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏத்தா, எங்க ஊருக்குத்தான் எல்லாரையும் மாத்தல் பண்ணுவாக. இப்ப எங்க ஊரே மாத்தலாகி இங்கன வந்திருச்சு போல."

பையில் கருவாடு, ஒரு கட்டு தையல் இலை, இரண்டு சிரட்டை. சிரட்டை எதற்கு என்று மகள் கேட்டாள். காய்ந்த ஆற்றில் ஊற்று தோண்டி, சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்களாம். ஒரு குடம் நிறைய ஒரு பொழுது ஆகும். "அதுக்குள்ள ஊர்க்கதை பூராம் பேசி முடிச்சிருவோம்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தக் கதையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பேத்தி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

நான் மாவரைப்பதை அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், "எத்தனை தண்ணி ஆச்சு?" என்றார். மூன்று குடம் என்பது குத்துமதிப்புதான், சரியாக எனக்குத் தெரியவில்லை. நாலு வருடமாக மாவரைக்கிறேன், ஒருநாள்கூட அளந்ததில்லை.

மறு ஈட்டுக்கு அளந்தோம். அரிசி மூன்று தடவை கழுவ 18 லிட்டர். உளுந்துக்கு ஆறு. ஊறப்போட எட்டு. கிரைண்டர் கழுவப் பத்து. அப்புறம் அகப்பை, தூக்கு, அடுக்கு. மொத்தம் 45.

அத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அரிசியை முதலில் முறத்தில் புடைத்துத் தவிடும் தூசியும் போன பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். கழுவுவது இரண்டே தடவை, தடவைக்கு மூன்று லிட்டர். இரண்டாவது கழுநீர் தெளிவாகத்தான் இருக்கிறது, அதை எடுத்து வைத்து மறுநாள் அரிசிக்கு முதல் கழுவலாக்கலாம். உளுந்தைக் கழுவிவிட்டு ஊறப்போட்டால் ஊறின தண்ணீரையே தெளித்து அரைக்கலாம். இதை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன், மாவு நன்றாகப் புளிக்கும் என்பார்கள். ஆனால் குழாயில் தண்ணீர் வந்தவரை கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவதுதான் பழக்கம்.

கிரைண்டர்தான் பெரிய தின்னி. கல்லில் ஒட்டியதைக் கையால் நன்றாக வழித்துவிட்டு, இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றி ஒரு சுற்று ஓடவிட்டார் அத்தை. வெள்ளையாக வந்த தண்ணீரைக் கீழே விடாமல் தூக்கில் பிடித்தார். ராத்திரி அதில் இரண்டு கரண்டி மாவும், கிள்ளிப்போட்ட மிளகாயும் வெங்காயமும் சேர்த்து மெலிசாகத் தோசை வார்த்தோம். ஓரமெல்லாம் முறுகல். மகள் ஐந்து தின்றாள்.

இன்றைய கணக்கு 22 லிட்டர். ஒன்றரைக் குடம்.

ஜூன் 13, வியாழன்

பாத்திரம் துலக்க மூன்று தொட்டி வைத்திருக்கிறோம். எண்ணெய்ப் பாத்திரத்தைப் பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் தொட்டிக்கு விட வேண்டும். டம்ளர் முதலில், தட்டு அப்புறம், குழம்புச் சட்டி கடைசியில். மூன்றாம் தொட்டியின் தண்ணீர் அடுத்த வேளைக்கு முதல் தொட்டியாகும். முதல் தொட்டி கக்கூஸுக்கு. மதியச் சாப்பாடு தையல் இலையில். மகள் ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் கோடு போட்டு, தினம் மிஞ்சிய தண்ணீரைச் சொம்புக் கணக்கில் எழுதி அடுப்படியில் ஒட்டியிருக்கிறாள். நேற்று மிச்சம் மூன்று சொம்பு. அவளுடைய பரீட்சை மார்க்கைக்கூட நான் இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

ஜூன் 15, சனி

வாட்ஸாப்பில் ஒரு சொந்தக்காரர் காலை வணக்கத்தோடு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். குறை என்பதே மனசில்தான் இருக்கிறதாம், நல்லதையே நினைத்தால் எல்லாம் நிறையுமாம். அவர் வீட்டில் இன்னும் போர் வற்றவில்லை. எல்லாம் மனசில் இருக்கலாம், தண்ணீர் லாரியில்தான் இருக்கிறது என்று பதில் அடித்தேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

இன்றைய விசேஷம் ஏசி. மாடி வீட்டு சாருடைய ஏசிக் குழாய் எங்கள் பால்கனி ஓரத்தில் சொட்டும். போன வருடம் காயப்போட்ட துணியில் விழுகிறது என்று நானே சண்டைக்குப் போனேன். அவரும் குழாயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். நேற்று இவர் போய், "சார், மறுபடி எங்க பக்கமே திருப்பி விடுங்க" என்று கேட்டாராம். அவர் யோசித்துவிட்டு, "ஆளுக்கு ஒருநாள்" என்றிருக்கிறார். விடிவதற்குள் முக்கால் பக்கெட் சேர்ந்தது. குடிக்கக் கூடாது, சரி. ஆனால் அதில் உப்பே இல்லாததால் சோப்பு பொங்கிப் பொங்கி நுரைக்கிறது. ரெண்டு மாதமாகப் பழுப்பேறிக் கிடந்த மகளுடைய யூனிஃபார்ம் வெளுத்துவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

லாரி வரவில்லை. ராத்திரி பதினொன்றரை வரை குடத்தோடு தெருவில் நின்றோம். சும்மா இருந்தவர்கள் யாரும் இல்லை, எல்லாரும் யாரையாவது திட்டினார்கள். வரிசையில் நின்ற முப்பது பேரில் ஆண்கள் நாலு பேர். வலது தோள் தூக்க முடியவில்லை. இன்று மாவு இல்லை. அட்டையில் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 19, புதன்

பகல் இரண்டு மணிக்கு வந்தது. ஆறு குடம்தான். இவர் பக்கத்து ஊரான பாடியில் வேலை பார்க்கும் பட்டறையிலிருந்து ஒரு பழைய கப்பியும் கயிறும் கொண்டுவந்து பால்கனிக் கம்பியில் கட்டினார். குடம் இனி கயிற்றில் ஏறும். "உன் இஷ்டம்" சொன்ன மனிதர்தான். தோள் வலியை இவரிடம் நான் சொல்லவில்லை, அத்தை சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

மழை! ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது இந்த வாசனை மூக்கில் ஏறி. அத்தை, "வேட்டியக் கொண்டா" என்று கத்தினார். இவருடைய நாலு முழ வேட்டியை மொட்டை மாடியில் கொடிக்கம்பியிலும் டேங்க் குழாயிலுமாக நாலு மூலையும் இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, கீழே குடம் வைத்தோம். கட்டி முடிக்கவும் தூறல் நிற்கவும் சரியாக இருந்தது. அரைச் சொம்பு. ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம்.

ராத்திரி மகள் கணக்குப் போட்டாள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். வேட்டி இரண்டரை சதுர மீட்டர். மொட்டை மாடி 800 சதுர அடி, அதாவது 74 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 740 லிட்டர். கிட்டத்தட்ட ஐம்பது குடம். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

மழைநீர்க் குழாய் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. 2003இல் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது போட்டது. எங்கே போய் முடிகிறது என்று நாலு வீட்டில் யாருக்கும் தெரியாது. இவரும் மாடி சாரும் தேடிக் கண்டுபிடித்தார்கள். குழிக்குள் இலைச்சருகு, ஒரு சிமெண்ட் சாக்கு, ஒரு கிரிக்கெட் பந்து. எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, குழாயில் ஒரு 'டி' இணைப்பு போட்டு, ஒரு வாய் சம்ப்புக்கு, ஒரு வாய் குழிக்கு. முதல் பத்து நிமிட மழை மாடி அழுக்கோடு குழிக்குப் போக வேண்டும், பிறகு சம்ப்பு. பைப்புக்கும் கேட்வால்வுக்கும் நாலு வீடும் சேர்ந்து போட்ட பணம், அரை லாரித் தண்ணீருக்கும் காணாது. பதினாறு வருடமாக இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்டால் எல்லாருமே வேறு பக்கம் பார்க்கிறோம்.

ஜூன் 26, புதன்

மாவு வாங்க வருபவர்கள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவு. மகளுடைய யோசனை. முதல் நாளே பதினொரு சொம்பு. எந்த வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியாததால் மாவில் சேர்ப்பதில்லை, பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் மட்டும். கிரைண்டர் கழுவுவதுகூட நம் தண்ணீரில்தான். மூன்றாம் வீட்டுப் பாட்டி சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து, "இதுக்கு எவ்வளவு குறைப்ப?" என்றார்.

ஜூலை 1, திங்கள்

காஞ்சிபுரத்தில் அத்திவரதர் வெளியே வந்துவிட்டார். நாற்பது வருடம் குளத்துக்குள்ளேயே இருந்தவர். அத்தை டிவி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தண்ணிக்குள்ள கெடந்த சாமியே வெளிய வந்திருச்சு, நம்ம என்னத்தச் சொல்ல" என்றார்.

ஜூலை 12, வெள்ளி

தண்ணீர் ரயில் எங்கள் வில்லிவாக்கத்துக்கே வந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அமைச்சர்கள், கேமராக்கள், கூட்டம். எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். இங்கிருந்து குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் போய்ச் சுத்தமாகி, அப்புறம் ஊருக்குள் போகுமாம். 52.5 கோடியை 25 லட்சத்தால் வகுத்துப் பார்த்தேன். ஊருக்கு ஒருநாள் கொடுப்பதில் 210இல் ஒரு பங்கு. அட்டையில் சொம்பு எண்ணி எண்ணி இந்த வியாதி எனக்கும் வந்துவிட்டது.

அது மேட்டூர்க் காவிரித் தண்ணீர் என்றதும் அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்கள் மாவட்டத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் 2009இலேயே வந்துவிட்டது. "எங்களுக்குக் குழாயில வந்துச்சு. ஒங்களுக்கு ரயிலேறி வருது பாரு" என்றார். வாரத்தில் எத்தனை நாள் அந்தக் குழாயில் வரும் என்று கேட்டேன். முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குப் பிடித்தது, பதினொன்று தாண்டியும் விடவில்லை. நாலு வீடும் மாடியில். பத்து நிமிடம் எண்ணி மாடி சார் வால்வைத் திருப்பினார். சம்ப்புக்குள் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்க அக்கா மூடியைத் திறந்து குனிந்தபடியே இருந்தார். மழை நின்றதும் குச்சி விட்டுப் பார்த்தோம், ஒரு முழம் ஏறியிருந்தது. வேட்டியின் கீழே இரண்டு குடமும் ஒரு அண்டாவும் நிறைந்தன. அத்தை அதில் ஒரு சொம்பு எடுத்துப் பருப்பு வேகப்போட்டார். மழைத் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாக வேகும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெந்தது உண்மைதான்.

இன்று ஆடி முதல் ஞாயிறு. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், ஒரு அடுக்கு மாவு நம் வீட்டுப் பங்கு. குளித்துவிட்டு வந்த இவர் பீரோவைப் பத்து நிமிடம் குடைந்தார். வேட்டி இன்னும் மாடியில்தான் கட்டிக் கிடக்கிறது. போய் அவிழ்த்து வந்தேன். நடுவில், கல் இருந்த இடத்தில், வட்டமாகச் செம்மண் கறை.

"மடிச்சுக் கட்டுனா தெரியாதுய்யா" என்றார் அத்தை.