44க்கு 1 ஏற்றத்துக்கு ஒரு மாதிரி நீராவி எஞ்சின்: எதை அளப்பது, எதைப் பார்ப்பது

மாதிரி எஞ்சினை மதிப்பிடச் சொன்னால் பலர் உடனே பூதக்கண்ணாடியை எடுத்து ஆணித்தலைகளை எண்ணத் தொடங்குகிறார்கள். இலங்கையின் மலையக ரயில் பாதையை மேசையில் மாதிரியாக அமைப்பவருக்கு முதலில் வேண்டியது தராசு. உண்மையான பாதையில் றம்புக்கனை தாண்டியதும் 44க்கு 1 ஏற்றமும் (44 மீற்றர் ஓடினால் 1 மீற்றர் உயரும்) 5 செயின், அதாவது ஏறத்தாழ 100 மீற்றர், ஆர வளைவுகளும் வந்துவிடுகின்றன. 1927இல் பேயர் பீகொக் என்ற ஆங்கிலேய நிறுவனம் கட்டிய, இரண்டு சில்லுத் தொகுதிகள் கொண்ட காரட் எஞ்சின் இங்கே வந்ததும் அதனால்தான். சமதளத்தில் நீண்ட கோச்சியை அலட்டாமல் இழுக்கும் மாதிரி, இந்த ஏற்றத்தில் பாதிப் பெட்டிகளோடு சில்லு சுழல நின்றுவிடும்.

எஞ்சினின் மொத்த எடையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இயக்கு சில்லுகளின் (மோட்டர் சுழற்றும் சில்லுகள்) மேல் எவ்வளவு எடை நிற்கிறது என்பதே கணக்கு. சமையல் தராசின் தட்டில் ஒரு சிறு தண்டவாளத் துண்டை வைத்து, இயக்கு சில்லுகளை மட்டும் அதில் நிறுத்துங்கள். முன் போகியின், அதாவது எஞ்சினின் முன்னால் தாங்கும் சிறு சட்டத்தின், சில்லுகள் அதே உயரமுள்ள கட்டையில் நிற்கட்டும். 350 கிராம் எஞ்சினில் 280 கிராம் இயக்கு சில்லில் விழுந்தால் நல்லது. போகியின் வில் இறுக்கமாக இருந்தால் அது எஞ்சினின் முன்பக்கத்தைத் தூக்கி, இந்த எடையைத் தின்றுவிடும். பெட்டியிலிருந்து எடுத்த புது எஞ்சினிலும் இதைப் பார்க்கலாம்.

இழுவையை அளக்க, டெண்டரின் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர்ப் பெட்டி) கொக்கியில் நூலைக் கட்டி, மேசை விளிம்பில் ஒரு சிறு கப்பியின் மேல் விட்டு, நுனியில் பிளாஸ்டிக் கோப்பையைத் தொங்கவிடுங்கள். எஞ்சின் மெதுவாக நகரும்போது ஊசிக்குழலால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். 1 மில்லிலீற்றர் 1 கிராம். சில்லு வழுக்கும் கணத்தில் கோப்பையும் தண்ணீரும் சேர்ந்த எடைதான் இழுவை. பிடிப்புக்கான இரப்பர் வளையம் மாட்டாத சில்லுகளில் அது இயக்கு எடையின் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை வரும். 280 கிராமுக்கு ஏறத்தாழ 62 கிராம் என்று வையுங்கள். நுவரெலியாப் பக்கத்து ஈரக்காற்றில் சில நாள் சும்மா கிடந்த தண்டவாளத்தில் படலம் படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிட்ட பிறகே அளவெடுங்கள். இல்லாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை.

இனி ஏற்றக் கணக்கு. பெட்டி ஒன்று 130 கிராம், எட்டுப் பெட்டிகள் 1,040 கிராம். உருளும் தடை எடையில் 2.5 சதவீதம் என்றால் 26 கிராம். ஏற்றத்துக்காகப் பெட்டிகளுக்கு 1,040ஐ 44ஆல் வகுக்க 24 கிராம். எஞ்சினும் டெண்டரும் சேர்ந்து 450 கிராம் என்றால் அவற்றுக்கு இன்னும் 10. மொத்தம் 60. கையிருப்பு 62தான்! வளைவு ஒன்று குறுக்கிட்டால் கோச்சி நின்றுவிடும். ஆறு பெட்டிகளோடு 47 கிராம் போதும். அதுதான் நிம்மதியான சுமை. சோதிக்க, 110 சென்ரிமீற்றர் பலகையின் ஒரு முனையை 25 மில்லிமீற்றர் உயர்த்தினால் சரியாக 44க்கு 1.

சுமை அதிகமானால் சில்லுதான் வழுக்க வேண்டும், மோட்டர் திணறக் கூடாது. சில்லு நின்று மோட்டர் முனகினால் உடனே மின்னை நிறுத்துங்கள். மோட்டரின் சுருள் கருகும், எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையும் போகலாம். அத்தகைய எஞ்சினுக்கு மேலும் எடை ஏற்றுவது வீண். மோட்டருக்குத் தாங்குசக்தி இருந்தால், டயர் கடைகளில் கிடைக்கும் சமநிலை எடைப் பட்டைகளை இயக்கு சில்லுகளின் நடுவுக்கு நேர் மேலே, கொதிகலனுக்குள் ஒட்டலாம். ஈயத் துண்டு என்றால் எபொக்சி பூசுங்கள். வெள்ளைப் பசையோடு அடைபட்ட ஈயம் நாளடைவில் பொருமி உடலையே பிளந்துவிடும். இரப்பர் வளையம் இழுவையைக் கூட்டும். ஆனால் அந்தச் சில்லு மின்சாரம் எடுக்காது, இரப்பரும் காலப்போக்கில் இறுகும்.

நுணுக்கத்துக்கு வருவோம். ஆணித்தலையை விட உருவ அளவு முக்கியம்: இயக்கு சில்லுகளின் இடைத்தூரம், சில்லு விட்டம், தண்டவாளத்திலிருந்து கொதிகலன் மையத்தின் உயரம். வேர்னியர் அளவுகோலால் அளந்து 76.2ஆல் (ஓஓ அளவு மாதிரி உண்மையை விட இத்தனை மடங்கு சிறியது) பெருக்கி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வரைபடம் இல்லாதவர்கள், 2014இல் திறக்கப்பட்ட கடுகண்ணாவ ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் எஞ்சின்களைப் பக்கவாட்டில் நேராகப் படமெடுக்கலாம். ஓஓ அளவில் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. நமது பாதை 1,676 மில்லிமீற்றர் அகலம். அது மாதிரியில் 22 மில்லிமீற்றர் ஆக வேண்டும், ஆனால் கடையில் வாங்கும் தண்டவாளம் 16.5தான். முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் கால்களை ஒடுக்கி நிற்கும். பக்கவாட்டில் இது தெரியாது, ஆகவே மேசையின் ஓரத்தில் ஓடும் பாதைக்கு மன்னிக்கலாம்.

பிறகு கைப்பிடிக் கம்பி தனியாகப் பொருத்தியதா, வார்ப்போடு வந்ததா. இணைதண்டுகள் நேராக ஓடுகின்றனவா. வண்ணக்கோடு ஓரத்தில் கசிந்திருக்கிறதா. வார்ப்பு உலோகத்தில் மயிரிழை வெடிப்போ வீக்கமோ இருந்தால், மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம். கலப்புலோகத்தில் ஈயம் கலந்த கோளாறு அது, திருத்த வழியில்லை.

பெட்டிக்குள் சிறு பையில் வரும் உதிரிகளில் கவனம் வேண்டும். உண்மைப் பாதையின் 5 செயின் ஆரம் இந்த அளவில் 1.32 மீற்றர். நம் மேசைகளில் பெரும்பாலும் 438 மில்லிமீற்றர் வளைவுதான். அதில் முன்படிகளும் மணற்குழாய்களும் போகிச் சில்லை உரசி, ஏற்றத்தின் நடுவில் எஞ்சினைத் தடம் புரட்டும். கொதிகலனின் பக்கவாட்டில் ஓடும் நடைபலகைக்கு மேலே வருபவற்றை ஒட்டுங்கள். கீழே வருபவற்றை, எஞ்சின் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும் வரை, பைக்குள்ளேயே விடுங்கள்.