ஆம், இல்லை, பொருந்தாது

அக்டோபர் 7, 2025, செவ்வாய்

பெட்ரோல் பங்க். வாடிக்கையாளர் மாதிரி வேஷம் போட்டுக் கடை கடையாகப் போய், ஊழியர் நடந்துகொள்வதை ஏஜென்சியின் ஃபார்மில் ஆம், இல்லை என்று குறித்து அனுப்புவதுதான் என் வேலை. இவருடைய வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பேன்ட் பாக்கெட்டில் சாவியைத் தேடியபோது முழித்திருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

இருநூறு ரூபாய்க்குப் போடச் சொன்னேன். "அக்கா, ஜீரோ பாத்துக்கோங்க" என்றான் பையன். ஆம். சீருடை இருந்ததா, ஆம். பேட்ஜ், இல்லை. கேட்காமலே பில் கொடுத்தானா, இல்லை. நானாகக் கேட்டால் அவனுக்கு மார்க் போகும். கேட்காமல் வந்தால் எனக்குக் காசு போகும், பில் இல்லாத ரிப்போர்ட்டை ஏஜென்சி எடுக்காது. கேட்டு வாங்கினேன்.

இந்த முறை எனக்குக் கொடுத்த வேஷம் 'அளவில் சந்தேகப்படும் வாடிக்கையாளர்'. முத்திரை போட்ட ஐந்து லிட்டர் கேன் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும், யார் கேட்டாலும் அளந்து காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை முன்னே பின்னே இருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும், பின்னால் நின்ற ஆட்டோக்காரருக்குத் தெரியாது. "ரெண்டு லிட்டர்கூட வராத காசுக்கு அஞ்சு லிட்டர் அளக்கணுமாம்மா?" என்றார். நியாயமான கேள்விதான். மேனேஜர் வந்து அளந்து காட்டினார். கோடு வரை சரியாக நின்றது. அளந்ததைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினார்கள்.

அப்புறம் கழிப்பறை. ஜிபிஎஸ் முத்திரையோடு படம் வேண்டும். பூட்டியிருந்தது. பூட்டைப் படம் எடுத்தேன். எடுத்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பையன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அக்டோபர் 8, புதன்

ரிப்போர்ட் திரும்பி வந்துவிட்டது. ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் ஏஜென்சி எடிட்டர் ராத்திரி பதினொன்றே காலுக்கு அனுப்பியிருக்கிறார்: "பேட்ஜ் இல்லாவிட்டால் ஊழியரின் அடையாளம் விரிவாகத் தேவை." ஒல்லி, மாநிறம், இருபது வயது இருக்கும் என்று எழுதியிருந்தேன். போதாதாம். அந்த பங்கில் நான் பார்த்த அத்தனை பையன்களும் ஒல்லி, மாநிறம், இருபது வயது.

அக்டோபர் 11, சனி

வேளச்சேரியில் டிவி கடை. தீபாவளிக் கூட்டம் உள்ளே நுழையவே விடவில்லை. வாசலில் கால் வைத்ததிலிருந்து அறுபது நொடிக்குள் யாராவது வரவேற்க வேண்டும். புடவைத் தலைப்புக்குள் போனை வைத்துக்கொண்டு நொடி எண்ணினேன். நாலு நிமிஷம் கழித்து ஒருவன் வந்தான், அதுவும் இன்னொருவருக்கு மிக்ஸி பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

இப்போது புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்கள். செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அதை ஊழியர் தாமாகவே சொன்னாரா? சொன்னான் பாவம். போன மாச விலைச் சீட்டை, அடித்த பேனாக் கோட்டோடு காட்டியே சொன்னான். எக்ஸ்டெண்டட் வாரண்டி பற்றியும் சொன்னான். நான் கேட்டிராத ஸ்டெபிலைசர் பற்றியும் சொன்னான். எல்லாம் ஆம்.

சிக்கல் பதினேழாவது கேள்வி. "தளத்தில் ஊழியர் எவரேனும் உட்கார்ந்தோ சாய்ந்தோ இருந்தாரா?" ஆம் என்றால் கடைக்கு மார்க் குறையும். மிக்ஸி, கிரைண்டர் வரிசையில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து நின்றாள். மணி மாலை ஆறரை. காலையில் எத்தனை மணிக்கு வந்தாளோ.

2021-ல்தான் சட்டசபையில் திருத்தம் கொண்டுவந்தார்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவில் இடைவெளி கிடைத்தால் உட்காரலாம் என்று. கேரளாவில் அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. சட்டம் உட்காரலாம் என்கிறது. ஃபார்ம் உட்கார்ந்தாளா என்று வேவு பார்த்துச் சொல்லச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு நான்.

'பொருந்தாது' என்று போட்டேன். பார்க்கலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

குதிகால். வெந்நீர், கல்லுப்பு.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று தி.நகர், நகைக்கடை. இதற்குக் காசு கொஞ்சம் கூட. ஆனால் வேஷமும் கூட: மகளுக்குக் கல்யாணம், ஐந்து சவரனில் ஆரம், முகூர்த்தம் தையில். 'வசதியான தோற்றத்தில் செல்லவும்' என்று குறிப்பு. அத்தையின் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு மின்சார ரயிலில் மாம்பலம் வரை நின்றுகொண்டே போனேன். வசதியான தோற்றம் பல்லாவரத்திலேயே கசங்கிவிட்டது.

சவரன் 90,000-ஐத் தாண்டிய பிறகும் கடையில் அவ்வளவு கூட்டம். வாங்குகிறவர்களைவிடப் பழசைப் போட்டு மாற்றுகிறவர்கள் அதிகம் என்று தோன்றியது.

கவுண்டரில் இருந்த பெண் என்னை உட்கார வைத்தாள். மோர் வரவழைத்தாள். "பொண்ணு பேர் என்னக்கா?" என்றாள். அந்தக் கேள்வி ஏஜென்சி கொடுத்த கதையில் இல்லை. காவ்யா என்றேன். எங்கிருந்து வந்ததோ. மாப்பிள்ளை எந்த ஊர் என்றாள். திருச்சி என்றேன். "திருச்சின்னா எங்க ஊர் பக்கம்க்கா" என்று அவள் முகம் மலர்ந்தது. அதற்கு மேல் நான் எதுவும் அளக்கவில்லை.

தட்டு தட்டாக எடுத்துப் போட்டாள். ஹால்மார்க்கை லென்ஸ் வைத்துக் காட்டினாள்: முத்திரை, 22கே916, பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் எச்யூஐடி, அந்த நகைக்கென்றே உள்ள அடையாள எண். அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கடையில் வாங்கியதானாலும் சரிபார்க்கலாம் என்றாள், நான் கேட்காமலே. ஆம். செய்கூலி, சேதாரத்தைத் தனித்தனியாகச் சொன்னாளா? சேதாரம் எத்தனை சதவீதம் என்று கால்குலேட்டரில் தட்டி, மேலே மூன்று சதவீதம் ஜிஎஸ்டி போட்டு, மொத்தத்தைத் துண்டுச் சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டாள். ஆம். வேறு கடையில் சேதாரம் குறைவு என்று நான் மறுத்துப் பேச வேண்டும், அதுவும் கதையில் உண்டு. பேசினேன். அவள் குரலை ஏற்றாமல், "கல்லு வெச்சதுக்குக் கல்லோட எடையைக் கழிக்கறாங்களான்னு மட்டும் அங்க கேளுங்கக்கா" என்றாள். இப்படி ஒரு பதிலை எந்த ஃபார்மிலும் எழுத இடம் இல்லை.

நான் உட்கார்ந்திருந்தேன். அவள் நின்றாள். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் காலை கவுண்டருக்குக் கீழே இருந்த கம்பியில் வைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றுவாள். கை பாட்டுக்கு ஆரத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆரத்தைக் கழுத்தில் வைத்துப் பார்க்க நான் குனிந்தபோதுதான் தெரிந்தது, கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறது. அதன் மேல் நகைப்பெட்டி அட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சட்டப்படி இருக்கை இருக்கிறது, யார் வந்து கேட்டாலும் காட்டலாம்.

வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். விலகும் விதமும் ஏஜென்சி சொன்னதுதான். அவள் சீட்டின் பின்னால் தன் பெயரையும் நம்பரையும் எழுதினாள். "வந்தா என் பேரைச் சொல்லிக் கேளுங்கக்கா, அப்பதான் எனக்கு வரும்." என்ன வரும் என்று கேட்கவில்லை. தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நான் நின்ற கவுண்டரிலும் அப்படித்தான். என் நம்பரையும் வாங்கிக்கொண்டாள், அங்கே பதிவேட்டில் எழுதாமல் விடமாட்டார்கள்.

அக்டோபர் 15, புதன்

காவ்யா. நல்ல பெயர்தான்.

அக்டோபர் 16, வியாழன்

ஆகஸ்ட் பணம் எப்போது என்று மெயில் போட்டேன். "ரிப்போர்ட் ஏற்கப்பட்டதிலிருந்து அறுபது நாள்" என்று பதில். ஏற்பது யார்? அவர்கள்தான். எப்போது? அதற்கு நாள் கணக்கு கிடையாது. நான் மட்டும் பார்த்ததைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும், தாண்டினால் ரத்து. டிவி கடை ஃபார்மும் வந்துவிட்டது. பதினேழாவதில் பொருந்தாது என்ற பதில் பொருந்தாதாம்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். இவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். தானாகவே எழுந்தார். எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மாடி வீட்டுப் பெண் வந்தாள். நான் செய்கிற வேலை மாதிரியே அவளுக்கும் கிடைத்திருக்கிறதாம், டெலிகிராமில். ஹோட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஐம்பது ரூபாய். முதல் நாள் நூற்றைம்பது வந்தும் விட்டது. இப்போது 'பிரீமியம் டாஸ்க்' என்று ஐயாயிரம் கட்டச் சொல்கிறார்கள். கட்டாதே என்றேன். முதலில் கொஞ்சம் கொடுத்து ஆசை காட்டிவிட்டு அப்புறம் உருவுவார்கள், கட்டியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடு என்றேன். கைக்காசைக் கேட்டால் அது வேலை இல்லை, மோசடி என்று அழுத்திச் சொன்னேன்.

"நீங்களும் கைக்காசு போட்டுத்தானேக்கா பெட்ரோல் போடறீங்க?" என்றாள்.

அது பில் காட்டினால் திரும்ப வரும் என்றேன். வந்துச்சா என்று அவள் கேட்கவில்லை, நல்ல வேளை.

அக்டோபர் 18, சனி

எடிட்டரிடமிருந்து, நகைக்கடை ரிப்போர்ட்:

"புன்னகை: முழு நேரமும் என்று குறித்துள்ளீர்கள். ஆடியோவில் 22ஆம் நிமிடத்தில் ஊழியர் பெருமூச்சு விடுவது கேட்கிறது. 'சில நேரம்' என மாற்றவும்."

கடையில் நான் பதிவு செய்து அனுப்பிய ஆடியோவைப் போட்டுக் கேட்டேன். இருக்கிறது. மூன்றாவது தட்டை உள்ளே வைத்துவிட்டு நான்காவதை எடுக்கிறாள். பூட்டு திறக்கிற சத்தம், மூச்சு, அப்புறம் "இது பாருங்கக்கா, இது காவ்யாவுக்கு எடுப்பா இருக்கும்."

முகத்தைப் பார்த்தவள் நான். எடிட்டர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாரோ, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு மூச்சை எடை போடுகிறார். உட்கார்ந்துதானே இருக்கிறார்? மாற்ற மாட்டேன் என்று எழுதினேன். ஸ்டூல் விஷயத்தையும் கருத்துப் பகுதியில் சேர்த்துவிட்டேன்: இருக்கை உள்ளது, அதன் மேல் பெட்டிகள் உள்ளன, ஊழியர் உட்கார இடமில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

"அவசரம். ரங்கநாதன் தெரு, துணிக்கடை. கூடுதல் 150." இன்றைக்கு ரங்கநாதன் தெருவில் அறுபது நொடிக்குள் வரவேற்பா. மாட்டேன் என்று அனுப்பினேன். அடுத்த நிமிஷமே கூடுதல் 250 ஆனது. அதற்கும் மாட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இவருக்கும் எண்ணெய் வைத்துவிட்டேன். இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

அக்டோபர் 22, புதன்

மழை. ஆகஸ்ட் பணம் வந்தது, டிடிஎஸ் பிடித்துக்கொண்டு. வந்ததும் கூட்டிப் பார்த்தேன், ஒரு சப்பாத்திக் கடை விசிட் இல்லை. காரணம், ஆடியோ பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாம். சாப்பாடு சீக்கிரம் வந்துவிட்டது, சீக்கிரம் சாப்பிட்டேன். சீக்கிரம் பரிமாறியதற்குக் கடைக்கு முழு மார்க் கொடுத்ததும் நான்தான். கடைக்காரருக்கு மார்க், எனக்கு ஒன்றுமில்லை. நாங்கள் குறை சொல்ல ஒரு ஃபார்ம் வைத்தால் தேவலை. அதைத் திருத்த ஒரு எடிட்டர் வருவார், சரி.

அக்டோபர் 24, வெள்ளி

வாட்ஸாப்பில் அவள். ஆரத்தின் படங்கள், வெல்வெட் கழுத்தில் மாட்டி எடுத்தவை. "அக்கா விலை கொஞ்சம் இறங்கி இருக்கு. இப்ப எடுத்துட்டா நல்லது. காவ்யாகிட்ட காட்டுங்க."

கடை ஊழியர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டால் ஏஜென்சியில் என் பெயரை எடுத்துவிடுவார்கள். பதில் போடவில்லை. நீலக் குறி விழுந்துவிட்டது.

அக்டோபர் 25, சனி

"அக்கா பார்த்தீங்களா."

அக்டோபர் 28, செவ்வாய்

புயல் ஆந்திரா பக்கம் போய்விட்டது. நமக்கு மழையும் தெருத் தண்ணீரும்தான்.

வங்கி விசிட் முடிந்தது. இரண்டு லட்சத்துக்கு எஃப்டி போட வந்தவள் என்பது வேஷம். எஃப்டி என்று வாயைத் திறந்ததும் டையோடு ஒரு பையன் வந்து, அதே மாதிரிதான் மேடம், வட்டி கூட, இன்சூரன்சும் சேர்ந்து வரும் என்று ஒரு பாலிசியை நீட்டினான். வருஷா வருஷம் கட்ட வேண்டும் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னான். பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைக் கடைசி வரை சொல்லவில்லை. இவனுக்கு 'இல்லை' போட எனக்குக் கை கூசவில்லை. நிஜமாகவே இரண்டு லட்சத்தோடு வரும் ஒரு பெரியவரை நினைத்துக்கொண்டு போட்டேன், வரிசையாக. இந்த வேலை இதற்குத்தான் என்றால் இன்னும் நாலு வங்கிக்குப் போவேன். சமாளிக்க டார்கெட் என்று அவனுக்கும் ஒன்று இருக்கும். இருக்கட்டும்.

அக்டோபர் 29, புதன்

நகைக்கடை ரிப்போர்ட் மேலே போய்விட்டதாம். கருத்துப் பகுதியில் 'இருக்கை' பற்றி எழுதியதைக் கடைக்காரர்கள் மறுக்கிறார்கள். அந்தப் பெண் வாடிக்கையாளரிடம் குறைபட்டுக்கொண்டாளா என்று கேட்கிறார்களாம். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பார்த்தேன், நான் எழுதினேன். அதைத்தான் மூன்று மெயிலில் மூன்று விதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அத்தையின் பட்டை இன்னும் மடித்து வைக்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

நாளைக் காலை பத்து மணிக்கு ஏஜென்சியிலிருந்து போன் வரும். ஆடியோவின் முழுக் கோப்பும் வேண்டுமாம். ஊழியரின் பெயரைப் பேட்ஜில் இருந்தபடி சரியாக எழுதியிருக்கிறேனா என்று உறுதி செய்ய வேண்டுமாம். எழுதியிருக்கிறேன். பெயர் கட்டத்தை நிரப்பாவிட்டால் ஃபார்ம் அடுத்த பக்கத்துக்கே போகாது.