ஹாட் என்று எழுதியிருந்தது

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவுக்கு வந்த நாலாவது நாள். இந்தியக் கடையில் தோசை மாவு கிடைத்துவிட்டது, ஆனால் சட்னிக்கு வழியில்லை, ஊரிலிருந்து பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு வந்த மிக்சி இங்கத்த 120 வோல்ட்டில் முனகுகிறதே தவிர அரைக்க மாட்டேன் என்கிறது. சரி என்று சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் ஒரு அலமாரி முழுக்க சல்சா, அதாவது மெக்சிகோக்காரர்களின் தக்காளி மிளகாய்ச் சட்னி. 'ஹாட்' என்று எழுதி, தீ எரிகிற மாதிரி படம் போட்ட பாட்டிலை எடுத்தேன். பில் போட்ட பையன் வேறு, பார்த்து சார், ரொம்பக் காரம் என்றான்.

தோசையைத் தொட்டு வாயில் வைத்தால் முதலில் வினிகர், அப்புறம் இனிப்பு. காரம் பக்கத்து ஊர்த் திருவிழாக் கொட்டு மாதிரி எங்கோ தூரத்தில் கேட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நாலு தோசையையும் அதிலேயே முடித்தேன்.

அதற்கப்புறம் சல்சா பாட்டில் லேபிள் படிப்பதே வேலையாகிவிட்டது. வெளியே வைத்து விற்கிற பாட்டில்கள் கெடாமல் இருக்க பிஎச் என்கிற அளவு 4.6-க்குக் கீழே இருக்க வேண்டுமாம், அந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று அர்த்தம், வினிகரும் சிட்ரிக் அமிலமும் அதற்குத்தான். தக்காளித் துண்டு குழையாமல் இருக்க கால்சியம் குளோரைடு. குளிர்பெட்டியில் இருப்பதில் இதெல்லாம் குறைவு, கொத்தமல்லி வாசம் உண்மையாகவே வரும், திறந்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பச்சை சல்சாவுக்கு தொமாத்தியோ என்று ஒரு காய், புளிச்சகீரை ஞாபகம் வருகிற புளிப்பு.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் லேபிளில் ஒரு தடவை சாப்பிடும் அளவு என்று போட்டிருக்கிற அந்த 'ஒரு சர்விங்' மேல்தான். இரண்டு மேசைக்கரண்டி, 10 கலோரி, சோடியம் 250 மில்லிகிராம் என்று சாதுவாகப் போட்டிருப்பார்கள். இரண்டு கரண்டியை வைத்துக்கொண்டு யாரய்யா தோசை சாப்பிடுவது? ஒரு தோசைக்கே அது காணாது. நாலு தோசைக்கு எட்டு கரண்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள், சோடியம் 1000 மில்லிகிராம். நாள் முழுக்க 2300-ஐத் தாண்டாதே என்று இந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள், காலை எட்டு மணிக்குள் பாதிக்குக் கிட்டத்தட்ட ஆயிற்று. பிரஷர் பார்த்த டாக்டர் உப்பைக் குறையுங்கள் என்றபோது, நான் உப்பே போடுவதில்லையே என்று ரோஷமாகச் சொன்னவன் நான். பாட்டில்காரன் எனக்காகப் போட்டுவைத்திருக்கிறான். அம்மா எவ்வளவு போடுவாள் என்று கேட்காதீர்கள், அவள் கையில் லேபிள் கிடையாது.

பக்கத்து வீட்டு மெக்சிகோக்கார அக்கா ஒரு நாள் கூப்பிட்டுக் கொடுத்த சல்சாதான் என்னை அசைத்தது. தக்காளியையும் ஹாலப்பீன்யோ மிளகாயையும் பூண்டையும் காய்ந்த கல்லில் தோல் கருகச் சுட்டு, மொல்காஹெத்தே என்கிற மூன்று கால் கல்லுரலில் உப்புக்கல் போட்டு இடித்தார். ததேமாதா என்று பேர் சொன்னார். எனக்கு சுட்ட தக்காளித் துவையல். விறகடுப்புத் தணலில் தக்காளியைத் தள்ளிவிட்டு, தோல் வெடித்ததும் ஊதி ஊதி உரிப்பாளே ஆச்சி, அந்தக் கரி வாசம் அப்படியே. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி நம் பக்கம் வாக்கப்பட்டு வந்தவைதானே, போர்த்துக்கீசியர் வருவதற்கு முன் நம் ஊரில் மிளகுதான். நான் வந்து நிற்பது மிளகாயின் பிறந்த வீட்டில் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது நன்றாகவே பழகிவிட்டது. சிப்ஸுக்கு ஒன்று, தோசைக்கு ஒன்று, குளிர்பெட்டிக் கதவில் எப்போதும் இரண்டு டப்பா, சோடியம் குறைந்ததாகப் பார்த்துத்தான். போன ஞாயிறு வீடியோவில் அம்மா தட்டை எட்டிப் பார்த்தாள்.

"என்னடா அது?"

"தக்காளிச் சட்னிம்மா."

"கருவேப்பிலையே காணோம்?"

சிக்னல் சரியில்லை என்று கேமராவைத் திருப்பிவிட்டேன்.