பொடி புண்ணை ஆற்றுமா?

மூச்சுத்திணறலுக்கு டாக்டர் கொடுத்த, உள்ளிருக்கும் பொடியை உறிஞ்ச வேண்டிய கேப்சூலை முதல் நாலு நாள் அப்பா விழுங்கிக்கொண்டிருந்தார். கருவிக்குள் போட்டு, திருகி, வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும் என்று நான்தான் செய்து காட்டியிருந்தேன். பதினேழு வருடமாக மருந்துக்கடையில் நின்று ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஐந்தாம் நாள் காலையில் ஒரு கையில் காபி டம்ளர், மறு கையில் கேப்சூல். "மாத்திரைன்னா முழுங்கத்தானே செய்யணும்?" என்றார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இப்படி விழுங்குகிறவர்களுக்காக 2008-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கையே விட்டிருக்கிறது.

அப்பா கொல்லர். மானாமதுரைப் பக்கம் நாற்பது வருடம் கரி உலைக்கு முன்னால் உட்கார்ந்து அரிவாள் அடித்தவர். (திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இருக்கிற பேர் தன் அரிவாளுக்கு வரவில்லையே என்று இன்றைக்கும் அவருக்கு வருத்தம் உண்டு.) கரிப்புகை போதாதென்று பீடி வேறு. இரண்டும் சேர்ந்து சிஓபிடியில், அதாவது மூச்சுக்குழாய் நாள்பட அடைத்துக்கொள்ளும் நோயில், கொண்டுவந்து விட்டன. டாக்டர் எழுதிக்கொடுத்தது டியோட்ரோப்பியம், 18 மைக்ரோகிராம், தினம் ஒரு வேளை.

சரியாக உறிஞ்ச ஆரம்பித்த பிறகு மாடிப்படி ஏறுவது சுலபமானது. வருடத்தில் மூன்று முறை அட்மிட் ஆனவர், போன வருடம் ஒரே முறைதான். ஒருநாள் கேட்டார்: "ஏப்பா, இந்தப் பொடி உள்ள இருக்கிற புண்ணையும் ஆத்துமா?"

"ஆத்தும்பா" என்றேன், யோசிக்காமல். கடைக்கு வந்த ஒரு மெடிக்கல் ரெப் சொன்னது அது. மூச்சுக்குழாயையும் விரிக்கும், அழற்சியையும் (அப்பா புண் என்றாரே, அந்த உள்வீக்கத்தையும்) குறைக்கும், ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் என்றார் அவர். அன்று ராத்திரி மனசு கேட்காமல் தேடிப் படித்தேன்.

ரெப் சொன்னதில் பொய் இல்லை, பாதிதான் இருந்தது. அசிட்டைல்கோலின் என்கிற பொருள்தான் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்குகிறது. டியோட்ரோப்பியம் அது போய் உட்காரும் இடத்தை அடைத்துவிடுவதால் தசை தளர்கிறது. ஆனால் அதே மாதிரி இடம் தசையில் மட்டும் இல்லை, நுரையீரலில் காவல் காக்கும் மேக்ரோபேஜ், நியூட்ரோஃபில் செல்களிலும் இருக்கிறது. ஆய்வகத் தட்டில் அசிட்டைல்கோலினைக் காட்டினால் மேக்ரோபேஜ் ஒரு ரசாயனத்தை விட்டு, அழற்சியைக் கூட்டும் நியூட்ரோஃபில்களைக் கூப்பிடுகிறது. டியோட்ரோப்பியம் சேர்த்தால் அந்த அழைப்பு அடங்கிவிடுகிறது. கினியா பன்றிகளிலும் மூச்சுக்குழாய்ச் சுவர் தடிப்பது குறைந்திருக்கிறது. இதையெல்லாம் படித்தபோது அப்பாவிடம் சொன்னது சரிதான் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்புறம் 2007-ல் லண்டனில் நடந்த ஆய்வு கண்ணில் பட்டது. 142 நோயாளிகள், ஒரு வருடம். மருந்து எடுத்தவர்களுக்கு நோய் திடீரென்று முற்றுவது பாதிக்கு மேல் குறைந்தது. அவர்களுடைய சளியையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அழற்சியைக் காட்டும் பொருள்கள் ஐஎல்-6, ஐஎல்-8 என்று இரண்டு. ஐஎல்-6 குறையவில்லை. ஐஎல்-8 குறையாதது மட்டுமில்லை, மருந்து எடுக்காதவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. அடுத்த வருடம் வெளிவந்த அப்லிஃப்ட் ஆய்வு இன்னும் பெரியது: 5,993 பேர், நாலு வருடம். அதிலும் மூச்சு நன்றாக இருந்தது, முற்றுவது குறைந்தது. ஆனால் நுரையீரல் வருடாவருடம் தேய்கிற வேகம் பெரிதாக மாறவில்லை.

மறுநாள் போய், "நான் சொன்னது தப்புப்பா" என்றேன்.

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போறது எப்படிக் குறைஞ்சுச்சு?"

நியாயமான கேள்வி. இந்த நோயில் மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். குழாய் சுருங்கியிருப்பதால் பழைய காற்று உள்ளேயே தேங்கிவிடுகிறது. குழாய் இருபத்துநாலு மணி நேரமும் விரிந்திருந்தால் தேக்கம் குறையும். அப்புறம் ஒரு சளியோ காய்ச்சலோ வந்தாலும் தாங்கிக்கொள்ள இடம் இருக்கும். நான் முடிக்கவில்லை, அவர் தாத்தாவின் தோல் துருத்திக்குப் போய்விட்டார். (அப்பா காலத்திலேயே கையால் சுற்றும் ஃபேன் வந்துவிட்டது.) "முனையில சாம்பல் அடைச்சுக்கிட்டா அப்படித்தான். அமுக்குனா பாதிக் காத்து உள்ளேயே நிக்கும். அடுத்த இழுப்புக்கு எடம் ஏது?" என்று இரண்டு கையையும் விலா மேல் வைத்து அமுக்கிக் காட்டினார். பி.ஃபார்ம் நாலு வருடத்தில் யாரும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தந்ததில்லை.

"அப்ப உலைக்குள்ள கரி இன்னும் எரியுதுங்கிற."

"கொஞ்சம் எரியுதுப்பா."

குழாயை விரிப்பதோடு அழற்சியையும் குறிவைத்துச் செய்த மருந்து ஒன்று வந்திருக்கிறது, என்சிஃபென்ட்ரின், 2024 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். நெபுலைசரில் காலையும் மாலையும் வைக்க வேண்டும் என்றதும் முகம் சுளித்தார். "கரண்டு போனா?" என்றார்.

பொடிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. உறிஞ்சும்போது கேப்சூல் கடகடவென்று ஆட வேண்டும், இல்லாவிட்டால் "இது செல்லாது" என்று மறுபடி இழுக்கிறார். அந்த டப்பாவைக் காபி டம்ளர் பக்கத்தில் வைக்க மட்டும் அம்மா இன்னும் விடுவதில்லை.