டோடோ மரத்தில் நான் விட்ட நாலு மதிப்பெண்

மொரீசியஸில் ஸ்கூல் சர்டிபிகேட் தேர்வுக்கு உயிரியல் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். விதை பரவும் பாடம் ரொம்ப எளிது என்பார்கள். காற்று, நீர், விலங்கு, வெடிப்பு என்று நாலு கட்டம் போட்டு மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் போனேன். மாதிரித் தேர்வில் விதை எப்படிப் பரவுகிறது என்று கேட்ட கேள்விக்கு ஆறுக்கு இரண்டு வாங்கினேன்.

நான் எழுதியது டோடோ கதை, நம் தீவில் வாழ்ந்து அழிந்துபோன அந்தப் பெரிய பறவையின் கதை. டோடோ விழுங்கி வெளியேற்றினால்தான் தம்பலக்கோக் மரத்தின் கொட்டை முளைக்கும், டோடோ அழிந்ததால் மரமும் அழிகிறது என்று முக்கால் பக்கம். நம் தீவில் யார்தான் அதைக் கேட்டதில்லை! ஆசிரியை ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: "கேட்டது பரவல், நீ எழுதியது முளைத்தல்."

அன்று சாயங்காலமே நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். அந்தக் கதையைப் பரப்பியது 1977-ல் அமெரிக்க உயிரியலாளர் ஸ்டான்லி டெம்பிள் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை. டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்கு 17 கொட்டைகளை ஊட்டினார். 7 நொறுங்கின, 10 முழுசாக வெளியே வந்தன, அவற்றில் 3 முளைத்தன. ஆனால் ஊட்டாத கொட்டைகளைப் பக்கத்தில் நட்டுப் பார்க்கவில்லை. ஒப்பீடு இல்லாத சோதனையை வைத்து எப்படி முடிவு சொல்வது? எந்தப் பறவையும் விழுங்காமலே அந்தக் கொட்டை முளைக்கிறது என்று நம் வனத்துறையைச் சேர்ந்த ஒவாதலி 1979-ல் மறுத்து எழுதினார். சப்போட்டா, இலுப்பை குடும்பத்து மரம் அது. தடித்த ஓட்டைச் சுற்றி ஒரு கோடு ஓடும். முளைக்கும்போது ஓடு அந்தக் கோட்டோடு பிளந்துகொள்கிறது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். விதையைத் தாய்மரத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோனது யார் என்பது ஒரு கேள்வி. போன இடத்தில் அது முளைத்ததா என்பது வேறு கேள்வி. வினாத்தாளில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து, அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

இரண்டும் சேர்ந்தே நடப்பதைப் பார்க்க ஆசையிருந்தால் மாஹெபூர் பக்கம் போய்ப் படகேறுங்கள். ஈல் ஓ எக்ரெத், 26 ஹெக்டேர் சின்னத் தீவு. விறகுக்காகக் கருங்காலியை வெட்டித் தீர்த்த இடம். பழத்தைத் தின்று கொட்டையைச் சுமந்த நம் பெரிய ஆமைகள் முன்பே அழிந்துவிட்டன. 2000-லிருந்து அங்கே அவற்றுக்குப் பதிலாக, சீஷெல்சின் அல்டாப்ரா தீவைச் சேர்ந்த பெரிய ஆமைகளை விட்டிருக்கிறார்கள். அவை பழத்தை விழுங்கி, மெதுவாக நடந்து, வேறெங்கோ சாணமிடுகின்றன. ஆமை வயிற்றில் போய் வந்த கருங்காலி விதை நன்றாக முளைக்கிறது என்று ஆய்வில் உறுதி செய்திருக்கிறார்கள், இந்த முறை ஒப்பீட்டோடு. காய்ந்த ஆமைச் சாணத்துக்குள் வழவழவென்று அந்தக் கொட்டைகளைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

படகுக்குப் பணமில்லையா? கடற்கரையில் சவுக்குக் காய் பொறுக்குங்கள். நாம் ஃபிலாவோ என்கிறோமே, அதேதான். பச்சைக் காயாக ஐந்தாறு எடுத்துவந்து ஒரு தட்டில் வெயிலில் வையுங்கள். காய்ந்ததும் சின்னச் சின்ன வாய்கள் திறக்கும். தட்டினால் மெல்லிய ஒற்றைச் சிறகோடு விதைகள் உதிரும். ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பாருங்கள், சுழன்றுகொண்டே இறங்கும். மெதுவாக இறங்குவதால் காற்றுக்கு அதைத் தள்ளிப்போக நேரம் கிடைக்கிறது. "லேசானது, காற்றில் பரவும்" என்று மட்டும் எழுதாதீர்கள். சிறகு என்ன செய்கிறது, அதனால் என்ன ஆகிறது என்று எழுதினால்தான் அடுத்த மதிப்பெண். தேங்காய்க்கும் இதே கணக்கு: நாரில் காற்று தங்குகிறது, அதனால் மிதக்கிறது. அப்புறம், பதற்றத்தில் தேனீயைக் கொண்டுவந்து நுழைத்துவிடாதீர்கள். அது மகரந்தச் சேர்க்கை.

ஏன் பரவ வேண்டும் என்று கேட்டால் "போட்டியைத் தவிர்க்க" என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். எதற்குப் போட்டி? ஒளிக்கு, நீருக்கு, மண்ணிலுள்ள கனிம உப்புகளுக்கு. மூன்றையும் எழுதுங்கள்.

உண்மையான தேர்வில் நான் டோடோவைத் தொடவில்லை. சீனக் கொய்யாவை எழுதினேன். பிளேன் ஷாம்பாஞ் பக்கம் குடும்பத்தோடு பறிக்கப் போய், கையும் வாயும் சிவக்கத் தின்ற பழம். சிவப்பு நிறம் கண்ணை இழுக்கிறது, சதை இனிக்கிறது, விதை கடினமாக இருப்பதால் செரிக்காமல் வெளியேறுகிறது. கொண்டைக்குருவி, குரங்கு, காட்டுப்பன்றி எல்லாம் தின்று காடெங்கும் போட, அயல்நாட்டிலிருந்து வந்த அந்தச் செடி நம் சொந்த மரங்களின் கன்றுகளுக்கு இடமில்லாமல் அடர்ந்துவிட்டது. ஆறு வரிதான் எழுதினேன், ஒவ்வொன்றும் நான் கையால் தொட்டுப் பார்த்தது.