எதிர்த்தெரு ஸ்கூலும் ஃபாதர் கையெழுத்தும்

லண்டன் ஹாரோவில நாங்க இந்த வீட்ட வாடகைக்கு எடுத்ததே எதிர்த்தெருவுல இருக்குற கத்தோலிக்க பிரைமரி ஸ்கூலுக்காகத்தான். நடந்தா நாலு நிமிஷம். பாளையங்கோட்டையில சிஸ்டர்ஸ் நடத்துற ஸ்கூல்ல பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ நான், தினமும் திருநீறு வச்சுக்கிட்டுதான் போவேன், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல, அதனால இங்கயும் அப்படித்தான் இருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன்.

ரிசப்ஷன் கிளாஸுக்கு (இங்க பிரைமரி ஸ்கூல்ல முதல் வருஷம்) ஜனவரி 15-க்குள்ள கவுன்சில், அதாவது உள்ளாட்சி சைட்ல அப்ளை பண்ணணும், லண்டன்ல ஆறு ஸ்கூல் வரைக்கும் எழுதலாம். எதிர்த்தெரு ஸ்கூல முதல்ல எழுதினேன். அப்புறம் பாத்தா ஸ்கூல் தனியா இன்னொரு ஃபார்ம் கேக்குது, ஞானஸ்நான சர்டிபிகேட், ஃபாதர் கையெழுத்து எல்லாம். ராத்திரி உக்காந்து அவங்க பாலிசியப் படிச்சேன். இருக்குற சீட்ட விட அப்ளிகேஷன் அதிகமா வந்துட்டா கத்தோலிக்கப் பிள்ளைங்களுக்குத்தான் முதல் இடம், அப்புறம் மத்த கிறிஸ்தவங்க, அதுக்கும் கீழ வேற மதத்துக்காரங்க, நம்ம பாப்பா கிட்டத்தட்ட கடைசி. ஏப்ரல் 16 மெயில் வந்துச்சு, கெடச்சது இருபத்தஞ்சு நிமிஷம் நடக்க வேண்டிய வேற ஒரு ஸ்கூல். அன்னைக்கு அழுதுட்டேன்.

சட்டப்படி இதுல தப்பே இல்லைங்கிறதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு. பாகுபாட்டத் தடுக்குற 2010 ஈக்வாலிட்டி ஆக்டே மத ஸ்கூல்களுக்கு அட்மிஷன்ல விலக்கு குடுத்திருக்கு. புதுசா வர்ற ஃப்ரீ ஸ்கூல்ல (அரசுப் பணத்துல, ஆனா கவுன்சில் கையில இல்லாம நடக்குறது) மட்டும் மதத்த வச்சு பாதி சீட்டுக்கு மேல ஒதுக்கக்கூடாது, 2024 மே மாசம் அப்போ இருந்த அரசாங்கம் அந்த 50 சதவீதத்தையும் எடுத்துடலாம்னு கருத்து கேட்டாங்க. எதிர்த்தெரு ஸ்கூல் மாதிரி பழைய வாலண்டரி எய்டட் ஸ்கூல்ல, அதாவது அரசு உதவியோட சர்ச் மாதிரி அமைப்பு நடத்துற ஸ்கூல்ல, அந்தப் பாதி கணக்கே கெடையாது, கூட்டம் வந்தா மொத்த சீட்டையும் அவங்க மதப் பிள்ளைங்களுக்கே குடுக்கலாம். டீச்சர் சம்பளம், அன்றாடச் செலவு எல்லாம் அரசாங்கப் பணம், கட்டட வேலைக்குத்தான் சுமார் 10 சதவீதம் ஸ்கூல் பக்கம் போடணும். பாதி கணக்கு வச்சா கத்தோலிக்க பிள்ளையவே திருப்பி அனுப்ப வேண்டி வரும்னு சர்ச் சொல்றதும் எனக்குப் புரியுது, அந்த ஸ்கூல கட்டி வளத்தது அவங்கதான், ஆனா நாங்களும்தானே டாக்ஸ் கட்டுறோம், பாதியாவது தெருப் பிள்ளைங்களுக்கு இருக்கணும்.

ஆபீஸ்ல ஒருத்தங்க, "சின்னவனுக்கு சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஸ்கூல் பாருங்க, ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனா வேலை முடிஞ்சிரும்"னு சொன்னாங்க. என்னால முடியாது. எந்த சர்ச்சா இருந்தாலும் சரி, எனக்குப் படிப்பு சொல்லிக் குடுத்த சிஸ்டருங்க சர்ச்ச உயிரா நெனச்சவங்க, அங்க போயி சீட்டுக்காக முட்டி போட எனக்கு மனசு வரல.

கீழ்வீட்டு குஜராத்தி அக்கா கிருஷ்ணா அவந்தியில போடச் சொன்னாங்க, 2008-ல இங்கயே ஹாரோவில தொடங்கின, அரசுப் பணத்துல நடக்குற முதல் இந்து ஸ்கூல். யோசிச்சேன். அப்புறம் மேல்வீட்டு சோமாலியப் பொண்ணு ஞாபகம் வந்துச்சு, இந்துன்னு எனக்கு முன்னுரிமை கேட்டா அவளை நான் கடைசி வரிசைக்குத் தள்ளுறேன்தானே, வேண்டாம்னு விட்டுட்டேன்.

புதுசா வர்றவங்க மேப்புல தூரத்த மட்டும் பாத்து வீடு எடுக்காதீங்க. ஸ்கூல் சைட்ல அட்மிஷன் பாலிசின்னு இருக்கும், அதுல யார் எந்த வரிசைன்னு படிங்க, போன வருஷம் எந்த வரிசை வரைக்கும் சீட் போச்சுன்னு கவுன்சில்ல கேளுங்க, அப்புறம் டெபாசிட் கட்டுங்க.